சீரியல் கேபிள்: ஏற்றுவதற்கா, இறக்குவதற்கா?

1984-இல் நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் முதற்கட்டமாக நாடெங்கும் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. 2 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள 6502 செயலி, 32 கிலோபைட் நினைவகம், அவ்வளவுதான். அந்தத் தலைமுறைக் கணினியைக் காவிரி டெல்டாவில் காப்பாற்றி வைத்திருப்பவருக்குக் கணினியைவிட பிளாப்பிதான் பெரிய தலைவலி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரத்தில் அதன் காந்தப் பரப்பில் பூஞ்சை படர்கிறது. இதற்கு மாற்றாக, லேப்டாப்பிலிருந்து சீரியல் கேபிள் வழியே மென்பொருளை ஏற்றும் முறையைப் பலர் கைக்கொள்கிறார்கள். அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

முறையின் முதல் பலம் எளிமை. கணினியைத் திறக்க வேண்டாம், சில்லு எதையும் மாற்ற வேண்டாம். பிபிசி மைக்ரோவில் ‘ஸ்டார் எஃப்எக்ஸ் 7,7’ (*FX 7,7) என்று தட்டினால் வாங்கும் வேகம் 9600 பாட் ஆகும். ‘ஸ்டார் எஃப்எக்ஸ் 2,1’ என்று தட்டினால் சீரியலில் வரும் ஒவ்வோர் எழுத்தையும் விசைப்பலகையில் அடித்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும். ஆக, பேசிக் நிரலை வரிவரியாக அனுப்ப பிபிசி மைக்ரோவின் பக்கம் தனி மென்பொருளே தேவையில்லை. வேகமும் மோசமில்லை. 9600 பாட் என்றால் நொடிக்கு 960 பைட். ஒரு பக்கம் 100 கிலோபைட் கொள்ளும் பிளாப்பியின் சரக்கு, கணக்குப்படி, இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடும். 1200 பாட் கேசட்டோடு ஒப்பிட்டால் இது எட்டு மடங்கு.

பலவீனங்களும் இதே எளிமையிலிருந்துதான் பிறக்கின்றன. பிபிசி மைக்ரோ, தன் சீரியல் இடையகத்தில் ஒன்பது பைட் இடம் மிஞ்சும்போது ‘நிறுத்து’ என்று சைகை காட்டும். ஆனால் இன்றைய யுஎஸ்பி மாற்றிகளில் சில, ஏற்கெனவே வரிசையில் நிற்கும் பைட்டுகளை அனுப்பி முடித்த பிறகே நிற்கும். மதகை இறக்கிய பிறகும் வாய்க்காலில் கிடக்கும் தண்ணீர் வயலுக்குள் பாய்வதைப் போலத்தான் இது. வழிந்த எழுத்து ஒரு கட்டளைச் சொல்லில் இருந்தால் பிழைச்செய்தி வரும், தெரிந்துகொள்ளலாம். ஓர் எண்ணின் நடு இலக்கமாக இருந்தால் நிரல் சத்தமில்லாமல் தப்புக்கணக்குப் போடும். ‘ஸ்டார் எஃப்எக்ஸ் 203’ கொண்டு அந்த ஒன்பதைக் கூட்டலாம். 128 பைட் கட்டுகளாகப் பிரித்துச் சரிபார்க்கும் எக்ஸ்மோடம் நெறியையும் பயன்படுத்தலாம். ஆனால் எக்ஸ்மோடத்தைப் புரிந்துகொள்ளும் நிரலை முதலில் அந்தச் சரிபார்ப்பில்லாத வழியில்தானே ஏற்றியாக வேண்டும்!

வேறு குறைகளும் உண்டு. நினைவகத்தில் ஏற்றியது மின்சாரம் போனதும் போய்விடும். ஆட்டத்தின் நடுவே பிளாப்பியைத் தேடும் விளையாட்டுகள் பாதியில் நின்றுவிடும். எர்த் சரியில்லாத பழைய வீட்டில் இரு கருவிகளைக் கம்பியால் இணைப்பது சில்லுக்கே ஆபத்து. இவற்றை வைத்துப் பார்த்தால், அன்றாடம் மென்பொருள் ஏற்ற நினைவட்டை பொருத்தும் வழியே மேல். சீரியல் கேபிள் ஓர் ஆரம்பக் கருவி, அவ்வளவே.

ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் ஒரு திசையின் கணக்கு. இணையத்தில் எங்கும் கிடைக்கும் விளையாட்டை உள்ளே ஏற்றுவதால் உலகத்துக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. அன்றைய ஆசிரியரோ மாணவரோ சொந்தமாக எழுதிய நிரல் ஒரு பிளாப்பியில் கிடந்தால், அதற்கு வேறு படி இருக்க வாய்ப்பு குறைவு. அதை வெளியே கொண்டுவருவதும் கடினமில்லை. ‘ஸ்டார் எஃப்எக்ஸ் 8,7’ அனுப்பும் வேகத்தை அமைக்கும். ‘ஸ்டார் எஃப்எக்ஸ் 5,2’ சீரியலை அச்சுப்பொறியாக்கும். பிறகு ‘விடியூ 2’, ‘லிஸ்ட்’ என்று கொடுத்தால் நிரல் முழுவதும் லேப்டாப்பில் வந்து விழும். மன்னர் இரண்டாம் சரபோஜி பண்டிதர்களை வைத்துச் சுவடிகளைப் படியெடுக்கச் செய்த ஊர் தஞ்சை. மூலம் அழியுமுன் படியெடுப்பதன் அருமையை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் கணினி கற்பித்த ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீரோவில் பழைய பிளாப்பி இருந்தால் எடுத்துப் பாருங்கள். உறையின் நீள்துளை வழியே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள், படிக்கும் முனை கெட்டுவிடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். புள்ளி இல்லையென்றால் அடுத்த அடைமழைக்கு முன் படியெடுத்துவிடுங்கள்.