வலது முனையில் ஒரு வளையம்

குளிர்காலத்தின் நடுவில், ஜெர்மனியின் பவேரியக் காட்டில் சோல்லா என்ற சிற்றூரை ஒட்டிய பள்ளத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் வந்து இறங்கும். வைக்கோல் பரப்பி, பனிமேல் கூடாரம் அடித்துப் படுப்பார்கள். யானைச் சந்திப்பு என்று பெயர். சுண்டாப் கே.எஸ். 601 என்ற பழைய வண்டிக்குப் ‘பச்சை யானை’ என்று பட்டப்பெயர். அதை ஓட்டியவர்களுக்காக எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற பத்திரிகையாளர் 1956இல் தொடங்கிய கூட்டம் இது. பல ஊர் சுற்றி 1989இல் இங்கே வந்து சேர்ந்தது.

வந்து நிற்கும் வண்டிகளில் மற்றவர்கள் எஞ்சினையும் சைடுகாரையும் பார்ப்பார்கள். என் கண் ஹேண்டில்பாரின் வலது முனைக்குப் போய்விடும். சூடேறும் கிரிப்பிலிருந்து வயர் வெளியே வரும் இடம் அது. அங்கே வயர் எப்படி வளைந்து போகிறது என்று பார்த்தால், மாட்டிய கையின் தரம் தெரிந்துவிடும்.

இரண்டு கிரிப்பும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பிழைப்பு வேறு வேறு. இடது கிரிப் நேராக 22 மில்லிமீட்டர் இரும்புக் குழாயின்மேல் உட்காருகிறது. தருகிற சூட்டில் ஒரு பங்கைக் குழாய் விழுங்கிக்கொள்ளும். வலது கிரிப்புக்கும் குழாய்க்கும் நடுவே ஆக்சிலேட்டரின் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதனால் அதன் துளை பெரிது, சூடும் அவ்வளவு வீணாகாது. இரண்டுக்கும் ஒரே மின்சக்தி கொடுத்தால் இடக்கைக்கு எப்போதும் ஓரவஞ்சனைதான். விஷயம் தெரிந்தவர்கள் இடப்பக்கக் குழாயின்மேல் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போர்த்திவிட்டுத்தான் கிரிப்பை ஏற்றுவார்கள்.

வலதின் கஷ்டம் வேறு. ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் கிரிப்போடு சேர்ந்து வயரும் திரும்புகிறது. ஒரு நாள் பயணத்தில் எத்தனை நூறு முறை! செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கொட்டும் பனியில் ஒரு நாள் வலக்கை மட்டும் விறைத்துப்போகும். பெரும்பாலும் அறுவது வயர் ரப்பருக்குள் நுழையும் அந்த ஒரு விரற்கடையில்தான்.

எங்கள் தெருவில், ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இப்படிச் சூடேறாமல் போன வலது கிரிப் ஒன்றைச் சரிசெய்வதை ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்டிமீட்டரை வைத்தார். நல்ல கிரிப் சில ஓம்கள் காட்டும். இதில் ஒன்றும் காட்டவில்லை. வயரை விரலால் மெல்ல அசைத்தார். எண் எட்டிப்பார்த்து மறைந்தது. உள்ளே சூடேற்றும் சுருள் உயிரோடு இருக்கிறது, வயர்தான் போயிருக்கிறது. ரப்பரைச் சற்றுச் செதுக்கி, மிச்சமிருந்த நுனியைப் பிடித்து ஒட்டுப்போட்டிருக்கலாம். அவர் தலையசைத்தார். ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் விறைப்பாகிவிடும், விறைப்பு முடிகிற விளிம்பில் மறுபடி அறும் என்பது அவர் கணக்கு. வளையாத இடத்தில் ஈயம் வைக்கலாம், இங்கே கூடாது. புது ஜோடி எடுத்தார்.

பழைய ரப்பரைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்ததும், ஆக்சிலேட்டர் உறையின் மேடுகள் தெரிந்தன. புதுக் கிரிப்பின் உட்புறம் வழவழப்பு, இந்த மேடுகள் இருந்தால் ஏறாது. அரத்தை எடுத்தார். நான் ரசித்தது இந்த அரைமணி நேரத்தைத்தான். நாலு இழுப்பு, பசையில்லாமல் ஒரு முறை ஏற்றிப் பார்ப்பது, மறுபடி நாலு இழுப்பு. கூடுதலாகத் தேய்த்தால் கிரிப் வழுக்கும், அது உயிருக்கே ஆபத்து. குறைத்துத் தேய்த்தால் பாதி வழியில் பசை இறுகி நின்றுவிடும். பசை தரும் அவகாசம் சில நொடிகள். அதற்குள் கிரிப் முழுக்க ஏற வேண்டும், வயரின் வாய் சரியான திசை பார்க்க வேண்டும், சுவிட்ச் பெட்டியோடு உரசாமல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளியும் வேண்டும்.

மின் இணைப்பை விரைவாக முடித்தார். ஜோடிக்குச் சுமார் 40 வாட், அதாவது மூன்று, நான்கு ஆம்பியர். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வரும்படி ரிலே, ஒரு ஃபியூஸ்.

பிறகு வயருக்கு வந்தார். வலப்பக்கம் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம் விட்டு, அதற்கு அப்பால்தான் துணி டேப்பால் கட்டினார். இறுக்கமாக விட்டால் முறுக்கும்போது இழுபடும். தாராளமாக விட்டால் பிரேக் லீவரில் போய்ச் சிக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் இந்த வயர் கண்ணிலேயே படாது, எல்லாம் உள்ளே. அழகுதான். ஆனால் பழுதானால் மொத்தத் தொகுதியையும் மாற்றச் சொல்வார்கள். வெளியே தெரியும் இந்த வளையத்தின்மேல்தான் எனக்கு மோகம்.

ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிக் கையை விட்டார். சடக்கென்று திரும்பி முட்டியது. மூன்று முறை செய்தார். எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, சத்தம் ஏறுகிறதா என்று காது கொடுத்தார். ஏறவில்லை.

வலது கிரிப் சீக்கிரமே வெதுவெதுப்பானது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இடதின்மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, “தொட்டுப் பாருங்கள்” என்றார்.