சிவப்புப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் மொட்டை மாடியில் எதிரொளிப்புத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களிடம் ஒரு வரிசை பழகிப்போயிருக்கிறது. முதலில் தொலைநோக்கி வருகிறது. சில வாரங்களில் வியாழன் கலங்கலாகத் தெரிகிறது என்ற குறை வருகிறது. யாராவது ‘கொலிமேஷன் போயிருக்கும்’ என்கிறார்கள். அடுத்த பார்சலில் லேசர் கொலிமேட்டர் வந்துவிடுகிறது. குறையைப் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதைத் தீர்க்க முதலில் வாங்க வேண்டியது லேசர் அல்ல. அதற்காக லேசரே வீண் என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

நியூட்டன் 1668இல் செய்த அமைப்புதான் இன்றும் அடிப்படை. குழாயின் அடியில் குழிந்த பெரிய ஆடி, வாய்ப்பக்கம் 45 பாகை சாய்ந்த தட்டையான சிறிய ஆடி, பக்கவாட்டில் ஐபீஸ் செருகும் ஃபோகஸர். கொலிமேஷன் என்பது இதில் இரண்டு வேலைகள். ஃபோகஸரின் அச்சு சிறிய ஆடியில் பட்டுத் திரும்பி, பெரிய ஆடியின் நட்டநடுவில் விழ வேண்டும். பெரிய ஆடியின் அச்சு அதே வழியில் மேலே வந்து ஐபீஸின் நடுவே போக வேண்டும். இரண்டாவது வேலையில் தவறினால்தான் தண்டனை அதிகம். விண்மீனுக்கு ஒரு பக்கமாக வால் முளைக்கும். வியாழனின் பட்டைகள் வெளிறிப்போகும். சனி வளையத்தின் காசினி இடைவெளி இருந்த இடமே தெரியாது.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதைத் தொலைநோக்கியின் குவிய விகிதம், அதாவது குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண், முடிவு செய்கிறது. குவிய விகிதத்தின் கனத்தை (மூன்றாம் அடுக்கை) 0.022ஆல் பெருக்கினால் வருவது, பரவளைய ஆடி குறையில்லாத பிம்பம் தரும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். எஃப்/8 கருவிக்கு அது 11 மி.மீ.க்குச் சற்று மேல். எஃப்/5 கருவிக்கு 2.75 மி.மீ. எஃப்/4 என்றால் 1.4 மி.மீ.தான். இந்த வட்டம் ஐபீஸின் நடுவில் அமைய வேண்டும். பழைய நீளக் குழாய் எஃப்/8 கருவியைக் கண்மதிப்பாகத் திருகி வைத்தாலே போதும். இன்று கடைகளில் அதிகம் விற்கும் குட்டைக் குழாய் எஃப்/5 கருவிக்கு அந்தச் சலுகை கிடையாது. கருவியைக் கேட்காமல் கொலிமேட்டரைப் பரிந்துரைப்பது தவறு என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இருப்பவற்றில் மிக மலிவானது ஓட்டை போட்ட மூடி. ஃபோகஸரோடு வரும் பிளாஸ்டிக் மூடியின் சரியான நடுவில் 2 மி.மீ. துளை போட்டால் போதும். பழைய ஃபிலிம் ரோல் டப்பா 1.25 அங்குல ஃபோகஸரில் ஏறக்குறைய அளவெடுத்தது போல உட்காரும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கேமரா சாமான்களோடு அப்படி ஒரு டப்பா கண்ணில் பட்டால் விடாதீர்கள். அந்தி வெளிச்சத்தில் குழாயை வானத்தை நோக்கி வைத்து, துளை வழியே ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். முதலில் சிறிய ஆடியின் விளிம்பு வட்டமாகத் தெரியும். அதற்குள் பெரிய ஆடியும், அதைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளும். மூன்றும் ஒரே அளவில் தெரிந்தால் சிறிய ஆடியின் சாய்வு ஏறக்குறைய சரி. அதற்கும் உள்ளே சிறிய ஆடியின் கரிய நிழல். நிழலின் நடுவில் உங்கள் மூடியின் துளையே ஒளிப்புள்ளியாகத் திரும்பத் தெரியும். பெரிய ஆடியின் நடுவில் ஒட்டிய காகித வளையத்துக்குள் அந்தப் புள்ளியைக் கொண்டுவர வேண்டும். வளையம் பார்வையைக் கெடுக்குமோ என்று பயப்பட வேண்டாம். ஆடியின் அந்த நடுப்பகுதி எப்படியும் சிறிய ஆடியின் நிழலில்தான் கிடக்கிறது.

செஷயர் என்பது இதே மூடியின் தேர்ந்த வடிவம். உள்ளே 45 பாகையில் பளபளப்பான ஒரு வளையம், பக்கத்தில் வெளிச்சம் நுழைய ஒரு சாளரம். ஒளிரும் வட்டத்துக்கு நடுவே கரும்புள்ளி தெளிவாகத் தெரிவதால், மூடியில் ஊகிக்க வேண்டியதை இதில் அளந்தே பார்க்கலாம். மின்கலம் தேவையில்லை, கீழே விழுந்தாலும் ஒளிக்கதிர் கோணுமோ என்ற கவலை இல்லை. சிறிய ஆடியின் சாய்வில் எஞ்சியிருக்கும் சிறு பிழை பெரிய ஆடிக்கான அளவீட்டைக் கெடுக்காது என்பதுதான் இதன் பெரிய பலம்.

குறைகளும் உண்டு. இருட்டில் பயன்படாது, டார்ச் அடிக்க வேண்டும். 1200 மி.மீ. குழாயில் கண் ஃபோகஸரிலும் கை அடியில் உள்ள திருகிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. திருகுவது, எழுந்து போய்ப் பார்ப்பது, திரும்ப வந்து திருகுவது என்று நடந்துகொண்டே இருக்க வேண்டும். தனியாக மாடியில் இருப்பவருக்கு இது அலுத்துப்போகும்.

லேசரின் நியாயம் இங்கேதான் பிறக்கிறது. ஃபோகஸரில் செருகும் லேசர் கொலிமேட்டரின் முகப்பு குழாயின் அடிப்பக்கம் பார்த்தபடி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். திருகின் அருகே நின்றபடியே சிவப்புப் புள்ளி நகர்வதைப் பார்க்கலாம். நள்ளிரவில் வேலை செய்யும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆடிகள் ஒளியை எப்படித் திருப்புகின்றன என்று காட்ட இதைவிட நல்ல கருவி இல்லை. குழாயை மாடிப்படியில் ஏற்றி இறக்குகிறவர்கள், ஜி.எஸ்.டி. சாலையின் குலுக்கலில் காரில் ஏற்றிச் செங்கல்பட்டு தாண்டி இருட்டுத் தேடிப் போகிறவர்கள், ஒவ்வொரு இரவும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியவர்கள். அவர்களுக்கு வேகம் ஆடம்பரம் அல்ல, தேவை.

ஆனால் லேசர் காட்டும் ‘சரி’ முழுச் சரி அல்ல. கதிர் காகித வளையத்தின் நடுவில் விழுவதாக நினைத்துக்கொள்கிறோம். வளையத்தின் துளை 6 மி.மீ. புள்ளி துளையின் ஓரத்தில் விழுந்தால் 3 மி.மீ. விலகல். குழாயின் வாயிலிருந்து சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது. பிறகு பெரிய ஆடியைத் திருகிக் கதிரை வந்த வழியே திருப்பி அனுப்புகிறோம். கதிர் வந்த வழியே திரும்புகிறது என்றால் அது ஆடியின் வளைவு மையத்தின் வழியாகப் போகிறது என்று பொருள். ஆடியின் உண்மையான அச்சும் கதிரை அந்த மையத்தில்தான் சந்திக்கும். குவியத் தளமோ ஆடிக்கும் வளைவு மையத்துக்கும் நடுவழியில் இருக்கிறது. ஆகவே ஆடியின் மேல் இருந்த விலகலில் பாதி, அதாவது 1.5 மி.மீ., ஐபீஸில் பிழையாக நின்றுவிடும். எஃப்/5 கருவியின் நல்ல வட்டத்துக்கு ஆரம் 1.4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. புள்ளி கச்சிதமாக வீடு திரும்பிவிட்டது என்று நாம் திருப்தியோடு எழும்போது, பார்வையின் நடு அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. இதே பிழை எஃப்/8 கருவியில் ஒரு பொருட்டே அல்ல.

லேசருக்குள் இருக்கும் டயோடே கோணலாக அமைந்திருப்பது இன்னொரு சங்கடம். மலிவு லேசர்களில் இது அடிக்கடி காணப்படுவது. சோதனை எளிது. ஒரு பலகையில் நான்கு ஆணிகளை இரண்டு V வடிவங்களாக அடித்து, லேசரை அதில் படுக்கவைத்து, ஐந்து மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளி விழும்படி மெல்லச் சுழற்ற வேண்டும். புள்ளி நின்ற இடத்திலேயே நின்றால் நல்ல லேசர். வட்டம் போட்டால் பக்கத்திலுள்ள மூன்று சிறு திருகுகளால் அதை முதலில் நேராக்க வேண்டும். அந்தத் திருகுகளை ரப்பரால் மூடி அனுப்பும் லேசர்களும் உண்டு. கோணலான லேசர் சிறிய ஆடியைத் தவறாகச் சாய்க்கவைக்கும். கண்ணால் பார்ப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாமல் போகலாம், படம் எடுப்பவருக்கு ஒரு ஓரத்து விண்மீன்கள் மங்கும். ஃபோகஸரில் லேசர் ஆடுவதும் உண்டு. இறுக்கும் திருகைத் திருகத் திருகப் புள்ளி இடம்மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் ஒலோஃப் கார்லின் 2003இல் ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழில் எழுதிய வழி இந்தக் குறைகளில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடுகிறது. லேசரைப் பெருக்கத்தைக் கூட்டும் ஒரு பார்லோ வில்லையில் செருகி, அதை ஃபோகஸரில் வைக்கிறோம். கதிர் விரிந்து ஆடியின் நடுப்பகுதியில் பரவும். காகித வளையத்தின் நிழல் திரும்பி வந்து, பார்லோவின் முகத்தில் பொருத்திய துளையிட்ட வெள்ளை அட்டையில் விழும். நிழலைத் துளையின் நடுவில் நிறுத்தினால் பெரிய ஆடி சரி. லேசரின் கோணல், ஃபோகஸரின் ஆட்டம் எதுவும் இந்த நிழலைப் பெரிதாக அசைப்பதில்லை. செஷயரின் துல்லியமும் லேசரின் வசதியும் ஒன்றாகக் கிடைக்கின்றன. இவ்வளவு நல்ல முறை தெரியாமலே பலர் லேசரை வெறுமனே பயன்படுத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

எந்தக் கருவியாலும் எளிதில் கரையேறாத ஒரு வகைத் தொலைநோக்கியையும் சொல்ல வேண்டும். 127 மி.மீ. வாய், 1000 மி.மீ. குவியத் தூரம், ஆனால் குழாய் அரை மீட்டர்தான் என்று விற்கப்படுபவை. ஃபோகஸருக்குள் ஒரு வில்லையை ஒளித்துவைத்துத்தான் இது சாத்தியமாகிறது. அந்த வில்லை லேசர் கதிரைத் திருப்பிவிடும். ஆடியில் மையக் குறியும் பெரும்பாலும் இருக்காது. இதை வைத்திருப்பவர் லேசருக்குச் செலவிடுவது வீண்.

எந்தக் கருவியால் சரிசெய்தாலும் இறுதித் தீர்ப்பு விண்மீனுடையது. பெருக்கத்தை உயர்த்தி, ஒரு விண்மீனை ஃபோகஸிலிருந்து மிகச் சிறிது விலக்கினால் ஒளி வளையங்கள் தெரியும். அவை ஒரே மையத்தில் அமைய வேண்டும். அதிகம் விலக்கிப் பார்க்கக் கூடாது. எஃப்/5 கருவிகளில் சிறிய ஆடியின் நிழல் இயல்பாகவே சற்று ஒதுங்கித் தெரிந்து ஏமாற்றும்.

வெளிநாட்டுக் கையேடுகள் இந்தச் சோதனைக்குத் துருவ விண்மீனைப் பிடி என்கின்றன, அது நகராது என்பதால். தாம்பரத்தில் அந்த அறிவுரை எடுபடாது. இங்கே துருவ விண்மீன் அடிவானிலிருந்து சுமார் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. தலைக்கு மேலே பார்ப்பதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து அதன் ஒளி வருகிறது. அதுவும் வடக்கே, சென்னை நகரத்தின் மொத்த வெளிச்சத்துக்கும் மேலே. வளையங்கள் நீரில் ஆடுவது போல ஆடும். நமக்கு வாய்த்தவை நம் உச்சியை ஒட்டிக் கடக்கும் விண்மீன்கள்: தையில் ரோகிணி, பங்குனியில் மகம், ஆனியில் சுவாதி, மழை தொடங்குமுன் திருவோணம். உச்சிக்கு வந்துவிட்டால், டாப்சோனியன் என்னும் எளிய தாங்கியில் அமர்ந்த குழாயைத் திருப்புவது சிரமம் என்பதால் 50, 60 பாகை உயரத்தில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும். 200 மடங்குப் பெருக்கத்தில் அவை ஒரு நிமிட அளவில் பார்வைப் புலத்தைக் கடந்துவிடும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் நடுவுக்குக் கொண்டுவந்துதான் தீர்ப்புச் சொல்ல முடியும். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் முன்னிரவில் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும், பத்து மணிக்குப் பிறகு பார்ப்பது நல்லது. ஏசி அறையில் வைத்த தொலைநோக்கியாக இருந்தால், நம் ஈரக்காற்றில் ஆடிமேல் படியும் பனி மறையும்வரை காத்திருக்க வேண்டும். துடைக்கவே கூடாது.

எஃப்/6க்கு மேல் இருந்தால் மூடியும் விண்மீனும் போதும். எஃப்/6, எஃப்/5 கருவிக்கு ஒரு செஷயர் வாங்குங்கள். அதற்கும் கீழே போகிறவர்கள், வாரம் தவறாமல் குழாயை வெளியே கொண்டுபோகிறவர்கள், இருட்டில் சரிசெய்தே ஆக வேண்டியவர்கள் பார்லோவோடு லேசரைப் பயன்படுத்தலாம். சேலையூரில் ஒருவர், மாடம்பாக்கத்தில் ஒருவர், முடிச்சூரில் ஒருவர் என்று ஆளுக்கொரு மலிவு லேசர் வாங்குவதற்குப் பதிலாக, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நல்ல லேசரும் ஆணியடித்த ஒரு பலகையும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். விற்பவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆடியின் நடுவில் வளையம் ஒட்டி, மூடியில் துளை போட்டு அனுப்புங்கள். அதற்கு ஆகும் செலவு சில ரூபாய்தான்.