இருபதாண்டுச் சாலைக்கு ஒரு பருவ ஆய்வு

பெங்களூரு புறவட்டச் சாலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, சுற்றுச்சூழல் வழக்கு போட்டுத்தான் கெடுத்துவிட்டார்கள் என்ற பல்லவி தொடங்கிவிடும். தேதிகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. தும்கூர் சாலையிலிருந்து நகரின் வடக்கையும் கிழக்கையும் சுற்றி ஓசூர் சாலையைத் தொடும் எட்டு வழிச்சாலை இது. நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 100 மீட்டர். நிலமெடுப்புக்கு முதல் அறிவிக்கை 2005இல், இறுதி அறிவிக்கை 2007இல் வந்தன. சுற்றுச்சூழல் அனுமதி 2014 நவம்பரில் கிடைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல்தான் குறுக்கே வந்தது. அனுமதி கையிலிருந்த ஆண்டுகளிலும் சாலை நகரவில்லை. நிலத்துக்குக் கொடுக்க, திட்டத்தை ஏற்றிருந்த பெங்களூரு வளர்ச்சி ஆணையத்திடம் பணம் இல்லை.

பணமில்லாததால் வந்த தாமதம் சுற்றுச்சூழல் ஆய்வையும் செல்லரித்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான வரையறைகள் 2009இல் வகுக்கப்பட்டன. இறுதி அறிக்கை வந்ததோ 2014 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் நகரம் எவ்வளவு வீங்கியது என்பது அங்கே வீடு தேடியவர்களுக்குத் தெரியும். வெட்ட வேண்டிய மரங்கள் சில நூறுதான் என்று முதலில் சொன்னார்கள். கேள்வி வந்ததும் அது பதினாறாயிரத்தைத் தாண்டியது. 2020இல் மறுபடி எண்ணியபோது 33,000க்கும் மேல் என்றார்கள். வனநிலம் எதுவும் இல்லை என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு, ஜாரகபண்டே காவல் காட்டை வேறிடத்தில் ஒப்புக்கொண்டார்கள். இதை எண்ணும்போது நேர்ந்த பிழை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. எண்ணாமலே எழுதினால்தான் இவ்வளவு தூரம் தவறும்.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு மேல்முறையீட்டுக்குப் போனபோது, 2020 மார்ச்சில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இந்தக் குறைகளைத் தயவு தாட்சணியமின்றி எடுத்துக்காட்டியது. பழைய தரவை வைத்து அனுமதி தர முடியாது என்றது. அதுவரை சரி. ஆனால் அது பரிந்துரைத்த மருந்து பாதி மருந்துதான். புதிதாக ‘விரைவு’ மதிப்பீடு செய்யும்படி, தவறு செய்த அதே ஆணையத்திடமே சொன்னது. விரைவு மதிப்பீடு என்பது ஒரே பருவத்துத் தரவு. அதுவும் மழைக்காலம் தவிர்த்த பருவம். பெங்களூருவின் ஏரிகளோ ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்து, ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய் வழியாக அடுத்ததற்குப் போகும் சங்கிலி. அந்தச் சங்கிலியை 100 மீட்டர் அகலத்துக்குக் குறுக்கே வெட்டும் கரை என்ன செய்யும் என்பதைக் கோடையில் காய்ந்து கிடக்கும் கால்வாயைப் பார்த்துக் கணிக்க முடியாது. மதகின் அகலம் மழையில்தான் சோதிக்கப்படும். திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி குறித்த கவலையும் வழக்கில் எழுந்ததுதான். அந்த நீர்த்தேக்கம் அமைந்த அர்க்காவதி ஆறு காவிரியில் போய்ச் சேர்கிறது என்பதைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்டுவது மிகையாகாது.

இனி பணத்துக்கு வருவோம். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா கடன் தரும் என்று சில காலம் பேச்சு ஓடியது, கைகூடவில்லை. பிறகு, நிலத்துக்கான பணத்தையும் போட்டுச் சாலையைக் கட்டி, 50 ஆண்டு சுங்கம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தனியாரை அழைத்தார்கள். சுமார் 21,000 கோடி ரூபாய்த் திட்டம், அதில் பெரும்பங்கு நிலத்துக்கே. வாகனக் கணக்கு எப்படிப் போனாலும் தேறாத பேரத்தை யார் எடுப்பார்கள்? விவசாயிகள் 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் விலையைக் கேட்டார்கள். பெங்களூரு வளர்ச்சி ஆணையச் சட்டத்தின் கீழ் எடுக்கும் நிலத்துக்கு அது பொருந்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுக்குச் செலவு குறைந்தது. அறிவிக்கையில் மாட்டிய நிலத்தை இத்தனை ஆண்டு விற்கவும் கட்டவும் முடியாமல் கிடந்தவருக்கு என்ன குறைந்தது என்று எந்த மதிப்பீட்டிலும் ஒரு பத்தி இருப்பதாகத் தெரியவில்லை.

2025இல் திட்டத்துக்கு ‘பெங்களூரு பிசினஸ் காரிடார்’ என்று பெயர் மாற்றினார்கள். மத்திய அரசின் கடன் நிறுவனமான ஹட்கோவிடம் 27,000 கோடி ரூபாய்க் கடன் பேசினார்கள். அடுத்து, சாலையை 65 மீட்டராகச் சுருக்கி, மீதி 35 மீட்டரை வணிக மனைகளாக்கி, இழப்பீட்டுப் பணத்துக்குப் பதில் நிலம் கொடுத்தவர்களுக்கே தரலாம் என்று முடிவெடுத்தார்கள். செலவு பத்தாயிரம் கோடி அளவுக்கு இறங்கும் என்பது அரசின் கணக்கு. நிதிக் கோணத்தில் இதுவரை வந்தவற்றில் இதுவே புத்திசாலித்தனமானது என்பதை மறுக்கமாட்டேன். நிலம் இழந்தவருக்கும் வளர்ச்சியில் பங்கு கிடைக்கிறது. ஆனால் இந்தத் திட்டத்தில் ஒரு முரண் இருக்கிறது. நெரிசலைக் குறைக்க வெளியே போடும் சாலையின் ஓரம் முழுக்கக் கடைகளும் கட்டடங்களும் வந்தால், அவற்றுக்கு வரும் வண்டிகளே சாலையை நிரப்பும். அவற்றின் கழிவுநீர் எந்த ஏரிக்குப் போகும்? சாலைக்கென எழுதப்பட்ட மதிப்பீட்டில் இதற்குப் பதில் இருக்க வாய்ப்பில்லை.

ஆகவே என் முடிவு இது: நிதித் திட்டம் மாறினால் திட்டமே மாறுகிறது. 2020இல் மக்கள் கருத்துக்கேட்புக்கு வைத்தது 100 மீட்டர் சாலை. இப்போது கட்டப்போவது 65 மீட்டர் சாலையும் இருபுறமும் ஒரு நீள நகரமும். இதற்குப் பழைய ஆய்வைக் காட்டுவது செல்லாது. மழைக்காலத்தையும் சேர்த்து ஓராண்டுத் தரவுடன், வணிக மனைகளையும் உள்ளடக்கிய புதிய மதிப்பீடு, ஆணையத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பின் கையால் வர வேண்டும். கடனின் முதல் தவணையை விடுவிப்பதற்கு அதையே நிபந்தனையாக வைக்க வேண்டும்.