துடைப்பம் நின்ற நாள்

நியூயார்க்கின் பழைய பென் ஸ்டேஷன் எப்போது அழிந்தது என்று கேட்டால், எல்லோரிடமும் ஒரு தேதி தயாராக இருக்கிறது: 1963 அக்டோபர் 28. அன்று மழையில் இடிப்பு வேலை தொடங்கியது. அந்த நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நாளில் இருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு பேரழகு, ஒரு பேராசை, ஒரு கொலை. அழுவதற்கு வசதியான கதை. எனக்கு அந்தக் கதைமேல் ஒரு புகார் உண்டு. கொலைக்கு முன்னால் வருடக்கணக்காக நடந்த எதையும் அது கணக்கில் எடுப்பதில்லை.

1910இல் திறக்கப்பட்ட நிலையம் அது. வடிவமைத்தது மெக்கிம், மீட் அண்ட் ஒயிட் நிறுவனம். காத்திருப்புக் கூடத்துக்கு மாதிரி, ரோமாபுரியின் கரகல்லா குளியல் மண்டபங்கள். வெளியே இளஞ்சிவப்புக் கிரானைட் தூண்கள், உள்ளே இரும்பும் கண்ணாடியுமாய் எழும்பி நிற்கும் கூரை. நாம் ஷேர் செய்கிற படங்களில் கூரையிலிருந்து வெளிச்சம் அப்படியே இறங்கும்.

1962இல் அங்கே இறங்கிய பயணி பார்த்தது வேறு. கறுத்துப்போன கிரானைட். அழுக்கேறிய கண்ணாடி. கூடத்தின் நடுவே, 1956இல் கொண்டுவந்து பொருத்திய, சிப்பி மாதிரி வளைந்த கூரையோடு ஒரு டிக்கெட் கவுன்டர். "இதையா காப்பாத்தணும்?" என்று அவர் கேட்டிருந்தால் நாம் கோபப்பட முடியாது. அப்படிக் கேட்கும் நிலைக்கு அந்த இடத்தைக் கொண்டுவந்திருந்தார்கள்.

எப்படி? பென்சில்வேனியா ரயில்ரோடு ஒரு தனியார் கம்பெனி. 1946இல் அதன் வரலாற்றிலேயே முதன்முறையாக நஷ்டம் காட்டியது. நெடுஞ்சாலைகளும் விமான நிலையங்களும் பொதுப்பணத்தில் எழும்பிக்கொண்டிருந்தபோது, ரயில் கம்பெனி தன் நிலையத்துக்குத் தானே சொத்துவரி கட்டியது. பயணிகள் குறையக் குறைய, முதலில் எதில் கை வைப்பார்கள்? ரயிலை நிறுத்தினால் மறுநாளே கூச்சல் வரும். கூரைக் கண்ணாடியைத் துடைக்காமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

சாஃப்ட்வேரில் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பழைய சிஸ்டம் ஒன்றை யாரும் ஒரே நாளில் கொல்வதில்லை. அதைப் பார்த்துக்கொள்கிற ஆட்களை ஒவ்வொருவராக வேறு புராஜெக்டுக்கு மாற்றுவார்கள். பக் குவியும். இரண்டு வருஷம் கழித்து ஒரு மீட்டிங்கில், "ரொம்ப மோசமா இருக்கே, தூக்கிடலாமா?" என்பார்கள். மோசமாக்கியது யார் என்பதற்கு மட்டும் அந்த பிபிடியில் ஸ்லைடு இருக்காது.

பென் ஸ்டேஷனுக்கு நடந்த பேரமும் அப்படித்தான். நிலையத்தின் மேலிருந்த இடத்தை மாடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு விட்டுக்கொடுத்தால், செலவில்லாமல் தரைக்கடியில் குளிரூட்டப்பட்ட சிறிய நிலையம். கூடவே புதிய கார்டனில் 25 சதவீதப் பங்கு. 1962 ஆகஸ்டில் கட்டடக் கலைஞர்கள் தெருவில் அட்டை பிடித்து நின்றார்கள். ஆனால் இடிப்பைத் தடுக்க அப்போது சட்டமே இல்லை. தூண்களையும் சிற்பங்களையும் நியூஜெர்சியின் செகாகஸ் சதுப்பில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

ஆன்சைட் போயிருந்த காலத்தில் தினமும் அந்தச் சதுப்பைத் தாண்டித்தான் ரயிலில் பென் ஸ்டேஷன் போவேன். மேலே விளையாட்டரங்கம், கீழே தலையில் இடிக்கிற மாதிரிக் கூரை. ஆனால் தண்டவாளமும் பிளாட்பாரமும் 1910இல் போட்ட அதே இடத்தில்தான் இருக்கின்றன. மேலே இடித்துக்கொண்டிருந்தபோதுகூட, கீழே ரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. காலாவதியாகிவிட்டது, அதனால் போய்விட்டது என்ற சமாதானம் அந்த பிளாட்பாரத்தில் நின்றால் எடுபடாது.

இடிக்காமலே அழிக்கவும் முடியும். டெட்ராய்டின் மிச்சிகன் சென்ட்ரல் ஸ்டேஷன் 1913இல் திறந்தது. 1988 ஜனவரியில் கடைசி ரயில் கிளம்பியது. அதன்பின் கம்பியையும் அலங்காரங்களையும் பெயர்த்துப் போனவர்கள் போக, மிச்சத்தை மழையும் பனியும் பார்த்துக்கொண்டன. 2009இல் நகர மன்றம் இடிக்கச் சொல்லித் தீர்மானமே போட்டது, இடிபடவில்லை. இணையத்தில் நாம் வாய்பிளந்து பார்த்த சிதிலப் படங்களில் பாதிக்கு அதுதான் நாயகன் என்று தோன்றும். அந்தப் படங்கள்மீதும் எனக்கு அதே புகார்தான். உடைந்த ஜன்னலில் விழும் வெயில் இருக்கும். ஜன்னலுக்குப் பொறுப்பானவர் இருக்கமாட்டார். கைவிடப்பட்ட கட்டடத்தை இயற்கைக் காட்சி மாதிரி ரசிக்கக் கற்றுக்கொண்டால், கைவிட்டவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். 2018இல் ஃபோர்டு அதை வாங்கிச் சீரமைத்தது. 2024இல் திறந்தார்கள். கட்டடம் பிழைத்துவிட்டது, சந்தோஷம். ரயில் மட்டும் அங்கே நிற்பதில்லை.

பென் ஸ்டேஷன் போனதால்தான் 1965இல் நியூயார்க்குக்குப் பாரம்பரியச் சின்னங்களுக்கான சட்டம் கிடைத்தது. அந்தச் சட்டம்தான் 1978இல் உச்ச நீதிமன்றம் வரை போய், கிராண்ட் சென்ட்ரல் தலையில் கோபுரம் ஏறாமல் காப்பாற்றியது. வழக்கமான கதை இங்கே சுபமாக முடிந்துவிடும். ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் கிராண்ட் சென்ட்ரல் கூரையின் நட்சத்திர ஓவியம் அழுக்குக்கு அடியில்தான் கிடந்தது. கடப்பாரையை கோர்ட் நிறுத்திவிட்டது. துடைப்பத்தை எடுக்க, பணமும் மனசும் கூடிவர, 1990கள் ஆயின. 1998இல்தான் புனரமைப்பு முடிந்தது.

சுத்தம் செய்தவர்கள் கூரையின் ஓர் ஓரத்தில் சின்னக் கறுப்புத் திட்டு ஒன்றைத் துடைக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். முழுக் கூரையும் ஒரு காலத்தில் இந்த நிறம்தான் என்று காட்டுவதற்காக. ரயில் நிலையங்களைப் பற்றி நான் படித்த எந்த இரங்கல் கட்டுரையையும்விட அந்தத் திட்டு நேர்மையாகப் பேசுகிறது. இடித்த நாளைக் குறித்துவைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். துடைப்பதை நிறுத்திய நாளுக்குத் தேதி கிடையாது. அதற்கு இருக்கும் ஒரே பதிவு அந்த அழுக்குதான்.