சிந்தியது யாருடையது?

'இழப்புத் தடுப்பு' என்று நிர்வாகங்கள் இன்று நாசூக்காகச் சொல்கிற சமாச்சாரத்திற்கு (கேமரா, வாசலில் பை சோதனை, 'ஊழியர் களவு' பற்றிய கணக்கு) ஒரு பூர்வ கதை உண்டு. பூக்கோவைப் படித்த ஜோரில் நாம் கண்காணிப்பு என்றதும் சிறைச்சாலைக்கு ஓடிவிடுகிறோம். ஆனால் பெந்தாமின் 'பனாப்டிகன்' சிறையில் பிறந்ததல்ல. 1780களில் ருஷ்யாவில், பொட்டம்கினின் பண்ணையில் வேலையாட்களை மேற்பார்க்க அவர் தம்பி சாமுவேல் போட்ட பட்டறைத் திட்டம் அது.

லண்டன் துறைமுகத்தில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மேற்கிந்தியச் சர்க்கரையை இறக்கும் கூலிகள் சிந்தியதைக் கூட்டி எடுத்துப்போவார்கள். கப்பல் தச்சர்களுக்கு மரத்துண்டு. வழக்கப்படி அதுவும் கூலிதான். களத்தில் சிந்தின நெல்லைக் கூட்டியெடுக்கிறவளிடம் போய் இது திருட்டா என்று கேட்டால் என்ன சொல்வாள்?

1798இல் பாட்ரிக் கொல்கூன் என்ற மாஜிஸ்ட்ரேட், பெரும்பகுதி வணிகர்களின் காசில், வாப்பிங்கில் ஆற்றுப் போலீஸைத் தொடங்கினார். ஆற்றில் வேலை செய்யும் 33,000 பேரில் 11,000 பேர் குற்றவாளிகள் என்பது அவர் கணக்கு. எடுத்துப்போவதெல்லாம் களவு என்று முதலிலேயே வைத்துக்கொண்டால் எண்ணிக்கை தானாக வந்துவிடாதா? இதைவிட முக்கியம், சரக்கு இறக்கும் கூலிகளைப் பதிவு செய்ததும் சம்பளம் பட்டுவாடா செய்ததும் அதே அலுவலகம். மடியைத் தடவுகிற கையே காசு கொடுக்கிற கையுமாயிற்று. பீட்டர் லைன்பா 'தி லண்டன் ஹேங்டு' (1991) நூலில் அழுத்துகிற இடம் இது: கூலி என்றால் ரொக்கம் மட்டுமே என்று ஆக்குவதற்குத்தான் இத்தனை பாடும்.

லைன்பாவோடு எனக்குச் சின்னப் பிணக்கு உண்டு. வழக்கத்தைப் பேசுகிற வேகத்தில் பீப்பாயையே உருட்டிக்கொண்டு போன கும்பலையும் அவர் கொஞ்சம் செல்லமாகப் பார்த்துவிடுகிறார். எல்லாக் களவும் எதிர்ப்பல்ல. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்று கூலிக்காரனை யாரும் கேட்கவில்லை. அந்தச் சர்க்கரையை விளைவித்த அடிமையின் இழப்போ எந்தப் பேரேட்டிலும் ஏறவேயில்லை.

1798 அக்டோபரில் நிலக்கரி சுமப்பவர்கள் திரண்டு அந்த அலுவலகத்தைத் தாக்கினார்கள், உயிர்ச்சேதம் ஆயிற்று. 1800இல் சட்டம் போட்டு அரசாங்கமே அந்தப் போலீஸை எடுத்துக்கொண்டது. 1801இல் அரசுக் கப்பல்தளங்களில் மரத்துண்டு உரிமையும் போயிற்று, பதிலுக்குத் தினம் சில பென்ஸ். அதற்கு முன்னின்றவர் பட்டறைத் திட்டம் போட்ட அதே சாமுவேல் பெந்தாம்.