இரு கட்டங்களுக்குள் அடங்காத அறிவு: மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறையில் பெற்றோரின் இடம்

அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளின் அன்றாடச் செயற்பாட்டை அளவிடத் தமிழ் மண்ணிலேயே தோன்றிய கருவிகளுள் குறிப்பிடத்தக்கது மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறையாகும். பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய இம்முறையில் உண்ணல், உடுத்தல், பணப் புழக்கம், வீட்டு வேலை முதலான 18 பிரிவுகளும், பிரிவுக்கு 20 வீதம் 360 கூறுகளும் உள்ளன. இவை குழந்தை செய்வதை வினவுகின்றனவேயன்றிக் குறைகளைப் பட்டியலிடுவதில்லை. நோயின் பெயரோடு நின்றுவிடும் அறிக்கைகளையே கண்டு பழகிய பெற்றோருக்கு இது பேராறுதல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், ஒவ்வொரு கூறுக்கும் 'செய்கிறது', 'செய்வதில்லை' என்னும் இரு விடைகளே உண்டு. தாயின் அறிவு இவ்விரு கட்டங்களுக்குள் அடங்குவதன்று. பிசைந்து வைத்த சோற்றை மகன் தானே உண்பான். மீனில் முள்ளெடுக்க அறியான். பள்ளி நாளில் அவசரத்தின் பொருட்டுச் சட்டைப் பொத்தானைத் தாயே போட்டுவிடுகிறாள்; ஞாயிற்றுக்கிழமை அவனே போட்டுக்கொள்கிறான். இவனுக்கு எவ்விடையைக் குறிப்பது? எதைக் குறித்தாலும், பயிற்சித் திட்டத்திற்கு வேண்டிய செய்தி விடுபட்டுப் போகிறது.

அமெரிக்காவில் 1992 இல் வெளிவந்த 'பெடி' என்னும் அளவுகோல், குழந்தையின் திறனையும் பராமரிப்பவர் தரும் உதவியின் அளவையும் தனித்தனியே மதிப்பிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2001 ஆம் ஆண்டு வகைப்பாடும், ஒருவரால் இயல்வதையும் அவர் தம் சூழலில் உண்மையில் செய்வதையும் வேறுபடுத்துகிறது. பின்னதற்குப் பெற்றோரே முதற்சான்றாவர். எனினும் 'பெடி'யிலும் வினாக்கள் முன்னரே வகுக்கப்பட்டவை. பெற்றோர் விடையளிப்போராகவே நிற்கின்றனர். எதை வினவ வேண்டும் என்று முடிவு செய்யும் நிலைக்கு அவர்கள் அழைக்கப்படுவதில்லை.

மலேசியச் சிறப்புக் கல்வி வகுப்புகளில் எழுதப்படும் தனியாள் கல்வித் திட்டத்தையும் இக்கண்கொண்டு நோக்கலாம். ஆயத்தமான திட்டத்தில் கையொப்பம் பெறுவது பங்கேற்பாகாது. பகலில் குழந்தையைப் பேணுபவர் தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியாயின், மலாய்ப் படிவம் அவரை எட்டுவதே இல்லை. படிவத்தை நிரப்புமுன், வீட்டில் ஒரு நாளின் எந்த வேளை கடினமானது என்று வினவி, அவ்விடையிலிருந்தே கூறுகளைத் தேர்ந்தெடுப்பது தகும்.

பெற்றோர் மிகைப்படுத்துவர் என்னும் தடை எழுப்பப்படுவதுண்டு. அன்பு சில வேளைகளில் கூட்டியும் அச்சம் பல வேளைகளில் குறைத்தும் சொல்லவைக்கும் என்பது மெய்யே. ஆனால், வகுப்பில் தானே கை கழுவும் பிள்ளை வீட்டில் கழுவுவதில்லை என்று தாய் கூறினால், அதனைப் பிழையென ஒதுக்குவதற்கில்லை. வீட்டுக் குழாய் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கக்கூடும்.