கருவியும் சொல்லும்: 'தமிழ் லாமா' பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

ஒரு மொழியைப் பேசுவோர் அம்மொழியைக் கையாளும் கருவிகளுக்கும் உரிமையுடையோராக உள்ளனரா என்ற வினா ஈழத்துத் தமிழுலகுக்குப் புதியதன்று. 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய ஆறுமுக நாவலர் அவ்வினாவுக்குத் தம் காலத்துக்கேற்ற விடையொன்றை அளித்தார். அறிவியலைத் தமிழிற் கற்பிக்க வேண்டிய தேவை எழுந்தபோது, காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1936இல் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி மற்றொரு விடையை அளித்தார். முன்னவர் கருவியைத் தேடினார். பின்னவர் கருவியால் எடுத்துரைக்கப்பட வேண்டிய சொல்லைத் தேடினார். இன்று பெருமொழி மாதிரிகள் என வழங்கும் கணினி அமைப்புகள் தமிழிலும் எழுதவும் விடையிறுக்கவும் தொடங்கியுள்ள நிலையில், இவ்விரு தேடல்களையும் ஒருங்குவைத்து நோக்குதல் அவசியமாகின்றது.

இத்தகைய மாதிரிகளுட் பல, பெருநிறுவனங்களின் கணினிகளில் அடைபட்டவை. பயன்படுத்துவோர் தம் வினாவை அங்கு அனுப்பி விடையைப் பெறுவரேயன்றி, மாதிரியைத் தம் கைக்கு எடுத்துக்கொள்ள இயலாது. இதற்கு மாறாக, மாதிரியின் உட்கூறான எண்களை, அதாவது 'நிறை'களை, யாவரும் பெறத்தக்கதாக வெளியிடும் வழக்கமும் வளர்ந்துள்ளது. 2023 யூலையில் மெற்றா நிறுவனம் வெளியிட்ட 'லாமா 2' இவ்வகையினது. அதனை அடித்தளமாகக் கொண்டு, அபிநந்த் பாலச்சந்திரன் என்பவர் அதே ஆண்டு நவம்பரில் 'தமிழ் லாமா'வை வெளியிட்டார். 700 கோடி, 1,300 கோடி அளபுருக்களைக் கொண்ட இரு அளவுகளில் அது அமைந்தது. வாடகைக்குப் பெற்ற முகில் வழங்கியொன்றிலேயே அதன் பயிற்சி நடைபெற்றது என்பதும், சிறிய வடிவத்தின் அடிப்படைப் பயிற்சி ஒரேயொரு உயர்தர வரைகலைச் செயலியில் 48 மணித்தியாலங்களுள் முடிவுற்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கன. அரசோ பெருநிறுவனமோ செய்ய வேண்டியதெனக் கருதப்பட்ட பணியின் ஒரு பகுதியைத் தனியொருவர் செய்துகாட்டினார் என்ற வகையில் இம்முயற்சி வரலாற்று முக்கியத்துவம் உடையது.

அதன் முதன்மையான சாதனை எழுத்து நிலையிலேயே காணப்படுகின்றது. லாமா 2 கற்ற நூற்றொகுதியில் 89.7 வீதம் ஆங்கிலமாகும். அதன் சொற்கூற்றுப் பட்டியலில் 32,000 உருப்படிகள் இருந்தும் தமிழுக்கு உரியவை மிகச் சில. பட்டியலில் இல்லாத எழுத்தை அம்மாதிரி பைற்றுகளாக உடைத்தே கொள்ளும். 'படுவான்கரை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோர் இதன் விளைவை எளிதில் உணரலாம். தமிழர் கண்ணுக்கு அது 6 எழுத்துகள். யூனிகோட் முறையில் 10 குறியீடுகள். கணினியிற் பதியும்போது 30 பைற்றுகள். ஒரு தடவையில் 4,096 கூறுகளையே நினைவிற் கொள்ளும் மாதிரிக்கு, இவ்வாறு சிதறிய தமிழிற் சில பக்கங்களே பெருஞ்சுமையாகிவிடும். செலவும் காலமும் ஆங்கிலத்துக்கு ஆவதைவிடப் பன்மடங்காகும். தமிழ் லாமா 16,000 தமிழ்க் கூறுகளைப் பட்டியலிற் சேர்த்ததன் மூலம் இக்குறையைப் பெருமளவு தணித்தது. அச்செழுத்து வார்ப்போர் ஒருகாலத்தில் ஆற்றிய பணிக்கு ஒப்பானது இது.

இனி, இம்மாதிரியைத் தாமே நிறுவிக்கொள்ளுதல் எத்தகைய தேவையை நிறைவு செய்யும் என்பதை மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலப்பரப்பை முன்வைத்து ஆராயலாம். 1990 செப்டெம்பர் 5ஆந் திகதி, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். இதுபோன்ற நிகழ்ச்சிகள் பற்றி உறவினர் கூறிய, கூறிவருகின்ற வாக்குமூலங்கள் பல. அவற்றை எழுத்தில் ஒழுங்குபடுத்தவும், சுருக்கவும், ஒன்றோடொன்று ஒப்புநோக்கவும் இத்தகைய கருவி உதவக்கூடும். ஆயின், ஒரு தாய் தன் மகனைப் பற்றிக் கூறியதை, யார் படிப்பார், எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்று அறியாத நிலையில் அயல்நாட்டு நிறுவனமொன்றுக்கு அனுப்புதல் முறையாகுமா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுகள் நாட்டுக்கு வெளியே கையாளப்படுவது பற்றியும் விதிகளை வகுத்துள்ளது. சட்டத்துக்கு அப்பால், சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையிலுள்ள நம்பிக்கை ஒன்றும் உண்டு. சொந்த வழங்கியில் மாதிரியை நிறுவ வேண்டும் என்ற வாதம் இவ்விடத்திலேயே முழு வலிமை பெறுகின்றது.

எனினும் 'சொந்தம்' என்ற சொல்லை ஆராயாது ஏற்றல் திறனாய்வுக்கு அழகன்று. முகில் என்பது பிறர் கட்டடத்திலுள்ள பிறர் கணினியே. மும்பாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள வழங்கியை வாடகைக்கு எடுப்போர், மாதிரியைத் தாம் தெரிவு செய்யலாம். பதிவேடுகளை வைப்பதா அழிப்பதா எனத் தீர்மானிக்கலாம். நுழைவாயிலுக்குக் கடவுச்சொல்லும் மறைகுறியீடும் இடலாம். இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் கணினியின் உடைமையும், அது அமைந்துள்ள நாட்டின் சட்டமும் அவர்தம் ஆளுகைக்கு உட்பட்டவையல்ல. வரைகலைச் செயலியோடு கூடிய வழங்கிக்கு, எவரும் வினவாத இரவிலும் மணிக்கணக்கில் வாடகை ஏறும். பணம் நின்றால் அனைத்தும் நிற்கும். குத்தகை நிலத்திற் பயிரிடுவோன் விதையைத் தான் தெரிவு செய்தாலும் நிலக்காரன் ஆவதில்லை என்பதைப் படுவான்கரை உழவர்க்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாற்றுவழி முற்றாக இல்லையெனக் கூறமுடியாது. 700 கோடி அளபுருக்களையும் ஒவ்வொன்றுக்கு 16 பிற்றுகள் வீதம் வைத்திருக்க ஏறத்தாழ 14 ஜிகாபைற்று நினைவகம் வேண்டும். 4 பிற்றுகளாகக் குறுக்கினால் 3.5 ஜிகாபைற்றளவிற் பெரும்பகுதி அடங்கிவிடும். 2023 மார்ச்சில் கியோர்கி கெர்கானோவ் வெளியிட்ட 'லாமா.சிபிபி' என்ற திறந்த மென்பொருள், இவ்வாறு குறுக்கிய மாதிரிகளைச் சாதாரண மேசைக் கணினியிலும் இயக்கவல்லது. விடை மெதுவாகவே வரும். குறுக்கலால் நுட்பம் சற்றுக் குறையும். ஆயினும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வினவும் தேவைக்கும், பூட்டிய அறையொன்றில் நூறு வாக்குமூலங்களை இராமுழுதும் ஒழுங்குபடுத்தும் தேவைக்கும் வேறுபாடு உண்டு. முன்னையதற்கு முகில் வழங்கி பொருந்தும். பின்னையதற்கு இணையத் தொடர்பே இல்லாத ஒரு கணினி போதும் என்பதோடு, அதுவே பாதுகாப்பானதுமாகும்.

அடுத்து நோக்கத்தக்கது 'திறந்த' என்ற அடைமொழியாகும். நிறைகள் வெளியிடப்பட்டமையால் மட்டும் ஒரு மாதிரி முழுமையாகத் திறந்ததாகிவிடாது. லாமா 2இன் உரிமம், மாதந்தோறும் 70 கோடிக்கு மேற்பட்ட பயனரைக் கொண்ட நிறுவனங்கள் தனி அனுமதி பெற வேண்டும் என்கிறது. இந்நிபந்தனை மட்டக்களப்பு மாணவர்களைத் தொடாது. ஆனால் அம்மாதிரி தரும் விடைகளைக் கொண்டு வேறொரு பெருமொழி மாதிரியை மேம்படுத்தலாகாது என்ற நிபந்தனை எவரையும் தொடவல்லது. அதன் பயிற்சித் தொகுதியும் வெளியிடப்படவில்லை. திறந்த மூல முன்முயற்சி என்ற அமைப்பு 2024 ஒக்டோபரில் வெளியிட்ட வரைவிலக்கணம், பயிற்சித் தரவு பற்றிய போதிய விவரத்தையும் வேண்டி நிற்கின்றது. அவ்வளவுகோலால் அளப்பின், பெரிதும் பேசப்படும் மாதிரிகள் பல திறந்த நிறைகளையுடைய மூடிய ஆக்கங்களே எனல் பொருந்தும்.

இவையனைத்திலும் அடிப்படையான குறை மொழி நிலையில் உள்ளது. தமிழ் லாமா கற்ற தமிழ், வலைத்தளங்களிலிருந்து திரட்டப்பட்ட 'கல்சராஎக்ஸ்' என்ற தொகுதியிலிருந்து வந்தது. விடையிறுக்கும் முறையை அது கற்றதோ, 'அல்பாக்கா', 'ஓப்பின்ஓர்க்கா' என்னும் ஆங்கிலத் தொகுதிகளின் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்தாகும். அல்பாக்காவின் 52,000 அறிவுறுத்தல்கள், ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகத்தினர் ஓப்பின்ஏஐ நிறுவனத்தின் மாதிரியொன்றைக் கொண்டு உருவாக்கியவை. ஆகவே, ஆங்கிலத்தில் ஓர் இயந்திரம் எழுப்பிய வினா, ஆங்கிலத்தில் அது கூறிய விடை, அவற்றின் தமிழாக்கம் என்ற வரிசையிலேயே இம்மாதிரியின் உரையாடல் அறிவு உருவாயிற்று. எழுத்து தமிழாயினும் வினவும் பாங்கு தமிழர் வாழ்விலிருந்து எழுந்ததன்று.

வலையில் எவரும் எழுதாத பேச்சு இத்தொகுதியில் எவ்வாறு இடம்பெறும்? மட்டக்களப்பார் 'பிறகு' என்னும் பொருளில் 'மறுகா' என்பர். சிறிதளவை 'ஒள்ளுப்பம்' என்பர். சூடடிக்கும் களத்தில் நெல்லைப் 'பொலி' என்பர். வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இலேயே இவ்வழக்குகளின் வளத்தை எடுத்துக்காட்டியது. ஆயினும் இத்தகைய நூல்கள் எண்ணிம நூலகங்களிற் பெரும்பாலும் பக்கப் படிமங்களாகவே உள்ளன. படிமத்தை மாதிரி நூலாகக் கற்பதில்லை. வாக்குமூலம் கூறும் ஒருவர், 'மறுகா வந்தாங்க' என்னும்போது நிகழ்ச்சிகளின் முன்பின் முறையைச் சுட்டுகிறார். அச்சொல்லை 'மறுத்தல்' என்பதோடு சார்த்திப் பொருள்கொள்ளும் மாதிரி, எவர் எப்போது வந்தார் என்பதையே மாற்றிவிடக்கூடும். அதனிலும் கேடானது, தான் பிழைவிட்டதை அது அறியாது தெளிந்த நடையில் எழுதிச்செல்லும் என்பதாகும். நீதி வேண்டி நிற்போரின் கூற்றில் இத்தகைய திரிபு பொறுக்கத்தக்கதன்று.

வட்டார வழக்குகள் சிலவே. பொதுத்தமிழ் போதுமானது எனச் சிலர் வாதிக்கலாம். பாடநூலுக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் அது பொருந்தும். ஆனால் கல்வி வாய்ப்புக் குறைந்தோரும் முதியோரும் தம் துயரையும் தொழிலையும் பொதுத்தமிழிற் பேசுவதில்லை. கருவி பொதுத்தமிழை மட்டும் அறியுமாயின், அதன் பயன் ஏற்கெனவே எழுதவல்ல வர்க்கத்தினரோடு நின்றுவிடும். தமிழுக்கு வந்த கருவி தமிழருள் ஒரு சாராருக்கே வந்ததாக முடியும்.

இந்நிலையைத் தனியொருவர் உழைப்பால் மாற்ற இயலாது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், அரசின் ஆதரவோடு உருவான 'சீ-லயன்' மாதிரி தமிழையும் உள்ளடக்கியுள்ளது. நிறுவனத்தின் பின்பலம் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அது சான்று. வாவிக்கரையிற் பல்கலைக்கழகம் உண்டு. கல்லடியில் விபுலாநந்தர் பெயர்தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. கூத்துக் களரியையும் வயல் வேலையையும் அறிந்த முதியோர் உளர். பேசுவோரின் இசைவைப் பெற்று அவர்தம் பேச்சைப் பதிவுசெய்தல், படிமங்களாகவுள்ள நூல்களை எழுத்தாக்குதல், வினாவையும் விடையையும் ஊர்வாழ்விலிருந்தே தொகுத்தல் ஆகியன மாணவர் கைக்கெட்டிய பணிகளாகும். விபுலாநந்தர் தலைமையில் ஒன்றுகூடியோரின் உழைப்பு 1938இல் 'கலைச்சொற்கள்' என்ற நூலாயிற்று. அவர்களிடம் இயந்திரம் இருக்கவில்லை. துறைதோறும் சொல்லை எண்ணித் துணியும் குழு இருந்தது.

தொகுத்து நோக்குமிடத்து, தமிழ் லாமா தமிழ் எழுத்துக்கு மாதிரியினுள் இடம்பெற்றுக் கொடுத்தது. அதனை எவரும் தம் வழங்கியில் நிறுவலாம் என்ற வாய்ப்பையும் திறந்தது. இவ்விரண்டும் போற்றத்தக்கன. ஆயின் வழங்கியை மாற்றுவதால் மாதிரி கற்ற தமிழ் மாறிவிடாது. வாக்குமூலத்தைக் கணினியிடம் ஒப்படைக்கு முன்னர், அதனைக் கூறியவரின் ஊர்த்தமிழ் அறிந்த ஒருவர் கணினியின் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் ஏற்பாடு இருத்தல் வேண்டும். அத்திருத்தங்கள் உரியோரின் இசைவோடு சேர்த்துவைக்கப்படுமாயின், அடுத்த மாதிரிக்கான முதல் மட்டக்களப்புப் பாடமாக அவையே அமையும்.